தண்டனை போதாது என்று தோன்றினால்: அரசுத் தரப்பு மேல்முறையீட்டைக் கோருவது எப்படி

குற்றவாளிக்குக் கிடைத்த தண்டனை போதாது என்று கொதித்துப்போயிருக்கும் குடும்பம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, மலேசியச் சட்டத்தில் அந்தக் குடும்பத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமை இல்லை என்பதுதான். வழக்கில் ஒரு தரப்பாக இருப்பவரே மேல்முறையீடு செய்யலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 307-ஆம் பிரிவு. குற்றவியல் வழக்கில் தரப்புகள் இரண்டே: ஒரு பக்கம் அரசுத் தரப்பு, மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவர். அடிபட்டவரும் பொருளை இழந்தவரும் உயிரைப் பறிகொடுத்த வீட்டாரும் சட்டத்தின் பார்வையில் சாட்சிகள் மட்டுமே. எனவே தண்டனையைக் கூட்டும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் அதிகாரம் அரசுத் தரப்பிடமே இருக்கிறது. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 145(3)-ஆம் பிரிவு, குற்ற வழக்குகளைத் தொடுப்பதையும் நடத்துவதையும் கைவிடுவதையும் சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது. அவர் பெயரில் அந்த முடிவுகளை எடுப்பவர்கள் நாம் பேச்சில் டி.பி.பி. என்று குறிப்பிடும் அரசுத் தரப்புத் துணை வழக்கறிஞர்கள்.

ஆகவே குடும்பத்தின் வேலை, அந்தத் துணை வழக்கறிஞரின் கையில் மேல்முறையீட்டுக்கான காரணத்தை உரிய காலத்தில் எழுத்தாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அவர் மறுக்கலாம், மேலதிகாரி மறுக்கலாம். அந்த மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போகும் வழி மிகக் குறுகலானது. இருந்தாலும் நன்றாக எழுதப்பட்ட ஒரு கடிதத்துக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் நாள் முழுவதும் அடுத்தடுத்து வழக்குகளைக் கையாளும் ஒரு துணை வழக்கறிஞர் கவனிக்கத் தவறிய ஒன்றை, அந்த ஒரே வழக்கோடு மாதக்கணக்கில் வாழ்ந்த குடும்பம் கவனித்திருக்கக்கூடும்.

காலம் மிகக் குறைவு. தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு, அதாவது நோத்திஸ் ராயுவான், வழக்கை விசாரித்த நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யப்பட வேண்டும். இடையில் வரும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை எதுவும் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ முந்தைய வாரம் தீர்ப்பு வந்திருந்தால், பண்டிகை முடியட்டும் என்று காத்திருப்பவர் பாதிக் காலத்தை இழந்துவிடுவார். தவறிய காலக்கெடுவை மன்னிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டியது அரசுத் தரப்பு. குடும்பம் தாமதமாக வந்து கேட்டது என்பதை அவர்கள் காரணமாகக் காட்ட விரும்பமாட்டார்கள். ஆகவே கடிதம் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம்

கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, குற்றச்சாட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள். அதில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது, அந்தப் பிரிவு அனுமதிக்கும் உச்சத் தண்டனை எவ்வளவு, குறைந்தபட்சத் தண்டனை ஏதேனும் உண்டா என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் 'தண்டனை குறைவு' என்று சொல்வதில் பயன் இல்லை.

2024 ஜூலையில் நம் சமூகத்தையே உலுக்கிய ஒரு வழக்கு இதற்குச் சான்று. இணையத் துன்புறுத்தலுக்கு ஆளாகி உயிரிழந்த ஒரு பெண்ணின் விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்குக் கோலாலம்பூர் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100 ரிங்கிட் அபராதம் விதித்தது. நூறு வெள்ளிதானா ஓர் உயிரின் விலை என்று வீடுதோறும் பேச்சு எழுந்தது. ஆனால் அவர்மீது சாட்டப்பட்டது 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் உச்ச அபராதமே 100 ரிங்கிட்தான். நீதிமன்றம் கொடுத்தது உச்சத் தண்டனை. அதன்மேல் மேல்முறையீடு செய்திருந்தாலும் உயர் நீதிமன்றத்தால் ஒரு சென்கூடக் கூட்டியிருக்க முடியாது. அங்கே குறை இருந்தது சட்டத்தில். அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் நாடாளுமன்றம். பின்னர் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் சேர்க்கப்பட்டு 2025 ஜூலை 11 முதல் நடப்புக்கு வந்தன. புதிய பிரிவு பழைய செயலுக்குப் பின்னோக்கிப் பாயாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இல்லை.

நேர் எதிர்த் திசையில், சில பிரிவுகள் குறைந்தபட்சத் தண்டனையைக் கட்டாயமாக்குகின்றன. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020 அக்டோபரில் திருத்தப்பட்ட பிறகு, ஆபத்தான முறையில் வாகனமோட்டி மரணம் விளைவித்தவருக்கு 41-ஆம் பிரிவின்படி 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. போதையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 44-ஆம் பிரிவின்படி முதல் குற்றத்துக்கே 10 முதல் 15 ஆண்டு சிறை. ஏமாற்றுதலுக்கான தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவில் குறைந்தது ஓராண்டுச் சிறை. இத்தகைய பிரிவில் குறைந்தபட்சத்துக்கும் கீழே தண்டனை போயிருந்தால், அது சட்டத்துக்கே முரணான தண்டனை. வாதத்துக்கு அதிக வேலை இல்லை. அரசுத் தரப்பு அநேகமாக நீங்கள் சொல்லாமலே மேல்முறையீடு செய்யும்.

வழக்கை விசாரித்த நீதிமன்றம் எது என்பதும் முக்கியம். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் பொதுவாக 5 ஆண்டுச் சிறை, 10,000 ரிங்கிட் அபராதம், 12 பிரம்படி என்ற எல்லையைத் தாண்ட முடியாது. செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை தவிர மற்ற எந்தத் தண்டனையையும் விதிக்கலாம். பிரிவு 7 ஆண்டு என்று சொல்லியிருக்க, மாஜிஸ்திரேட் ஏன் 5 ஆண்டைத் தாண்டவில்லை என்று கேட்டுக் கடிதம் எழுதுவது வீண்.

உயர் நீதிமன்றம் எப்போது தலையிடும்

வழக்கைத் தானே விசாரித்திருந்தால் இன்னும் கடுமையாகத் தண்டித்திருப்பேன் என்பதற்காக மட்டும் ஒரு மேல்முறையீட்டு நீதிபதி தண்டனையை மாற்றுவதில்லை. ராஜா அஸ்லான் ஷா எழுதி 1982-ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு இதைத் தெளிவாக நிலைநாட்டியது. இன்றுவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான். தலையிடுவதற்கு, கீழ் நீதிமன்றம் உண்மைகளைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது தவறான கொள்கையைப் பின்பற்றியிருக்க வேண்டும், அல்லது தண்டனை சட்டத்துக்குப் புறம்பாக இருக்க வேண்டும், அல்லது அது வெளிப்படையாகவே போதாததாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் நான்கில் மிகப் பலவீனமானதும் அதுவே, ஏனென்றால் அது அளவைப் பற்றிய கருத்து. முதல் இரண்டையும் ஆவணத்தில் விரல் வைத்துக் காட்டலாம்.

1981-இல் நீதிபதி முகமட் அஸ்மி வழங்கிய தீர்ப்பு ஒன்று அரசுத் தரப்புக்கு நல்ல ஆயுதம். சட்டப்படியான தண்டனை என்றால் அது பிரிவின் எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது, நிலைபெற்ற நீதிமுறைக் கொள்கைகளின்படி கணிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. பொது நலன், குற்றத்தின் தன்மை, குற்றவாளியின் முந்தைய பதிவு, பாதிக்கப்பட்டவருக்கு நேர்ந்த கேடு, குற்றத்தை ஒப்புக்கொண்ட நேரம் ஆகிய எல்லாமே அந்தக் கணிப்புக்குள் வரும். குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தண்டனையில் குறைப்பது வழக்கமாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. இதைக் கேள்விப்படும் குடும்பங்கள் கசப்படைகின்றன, ஆனால் அந்தச் சலுகை இல்லாவிட்டால் எல்லா வழக்குகளும் முழு விசாரணைக்குப் போகும், சாட்சிக் கூண்டில் நிற்கப்போவது அந்தக் குடும்பம்தான். ஆகவே ஒப்புக்கொண்டதற்குச் சலுகை தந்ததையே குறை சொல்லாமல், சலுகை அந்த அளவைத் தாண்டியதா, மூன்று சாட்சிகள் சொல்லி முடித்த பிறகு வந்த ஒப்புதலுக்கு முழுச் சலுகை தரப்பட்டதா என்று பாருங்கள்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். பிறையில் காலைப் பலகாரக் கடை நடத்தும் ஓர் அம்மா, விடியுமுன் கடைக்கு நடக்கும்போது மோட்டார் சைக்கிளில் வந்தவன் கைப்பையைப் பறிக்கிறான். பையின் வார் அவருடைய கையில் சிக்கி, சாலையில் இழுபட்டு, வலது மணிக்கட்டு முறிகிறது. ஆள் பிடிபடுகிறான். தண்டனைச் சட்டம் 379-ஆம் பிரிவில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டு, பட்டர்வொர்த் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, 3,000 ரிங்கிட் அபராதம் கட்டிவிட்டு அன்று மாலையே வீட்டுக்குப் போகிறான்.

இதில் எங்கெல்லாம் கேள்வி இருக்கிறது? முதலாவது, குற்றச்சாட்டு. வலுவைப் பயன்படுத்திப் பறித்ததைக் கொள்ளை என்று 392-ஆம் பிரிவில் சாட்டியிருந்தால் உச்சத் தண்டனை இன்னும் அதிகம்; பொழுது விடியுமுன் நடந்திருந்தால் அதைவிடவும் கூடும். 379-இல் உச்சம் 7 ஆண்டு, அபராதம் மட்டுமே விதிக்கவும் இடமுண்டு. ஆனால் எந்தப் பிரிவில் சாட்டுவது என்பது அரசுத் தரப்பின் முடிவு, தண்டனை மேல்முறையீட்டில் அதைத் திருப்ப முடியாது. இந்த ஆதங்கத்தைக் கடிதத்தில் கொட்டாதீர்கள். கடிதத்தைப் படிக்கும் அதிகாரியின் அலுவலகமே அந்த முடிவை எடுத்திருக்கும்.

இரண்டாவது, முந்தைய குற்றங்கள். அவனுக்கு முன்பு திருட்டுத் தண்டனை ஒன்று இருந்தால் நிலைமை முற்றிலும் மாறும், ஏனென்றால் 379-இல் இரண்டாவது முறை குற்றம் செய்பவருக்குச் சிறை கட்டாயம். அந்தப் பதிவு நீதிமன்றத்தில் காட்டப்பட்டதா, அவன் அதை ஒப்புக்கொண்டானா என்பதை வழக்குக் குறிப்பில் பார்க்க வேண்டும். முந்தைய தண்டனை திருட்டுக்குத் தொடர்பே இல்லாத குற்றத்துக்கு, உதாரணமாகப் போதைப்பொருள் உட்கொண்டதற்கு என்றால், கட்டாயச் சிறை என்ற வாதம் எழாது. ஆயினும் 'முதல் முறை தவறு செய்தவர்' என்று கருதி மாஜிஸ்திரேட் இரக்கம் காட்டியிருந்தால், அது உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டதாகும். தொடர்பற்ற பழைய குற்றம் தண்டனையைத் தானாகக் கூட்டாது, ஆனால் தகுதியற்ற சலுகையைப் பறித்துவிடும். இந்த வேறுபாட்டைக் கடிதத்தில் சரியாகச் சொன்னால், எழுதியவர் விஷயம் புரிந்தவர் என்று படிப்பவருக்கு உடனே தெரியும்.

மூன்றாவது, கேடு. மருத்துவ அறிக்கை நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டதா? வழக்கின் உண்மை விவரங்கள் வாசிக்கப்பட்டபோது 'காயம்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டதா, எலும்பு முறிவும் அறுவைச் சிகிச்சையும் சொல்லப்பட்டதா? உயர் நீதிமன்றம் கீழ் நீதிமன்றப் பதிவேட்டை வைத்தே முடிவு செய்கிறது. புதிய சான்றுகளை எடுக்க ஆணையிடும் அதிகாரம் அதற்கு இருந்தாலும், அது எளிதில் பயன்படுத்தப்படுவதில்லை. பதிவேட்டில் இல்லாத வலியை மேல்முறையீட்டில் சேர்ப்பது மிகக் கடினம்.

தொடர்பற்ற குற்றங்களுக்கு ஒரே நேரத்தில் தண்டனை

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் அதிகம் குழம்புவதும் அரசுத் தரப்புக்கு நல்ல வாதம் கிடைப்பதும் இந்த இடத்தில்தான். அதே ஆள் ஜனவரியில் பிறையில் பையைப் பறித்தான், மார்ச்சில் ஜாமீனில் இருக்கும்போது சுங்கை டுவாவில் ஒரு காப்பிக் கடையில் வேறொருவரைக் கத்தியால் வெட்டினான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழக்குகளும் ஒரே நாளில் ஒப்புக்கொள்ளப்பட்டு, திருட்டுக்கு ஓராண்டு, வெட்டுக்காயத்துக்கு ஈராண்டு என்று தண்டனை விதிக்கப்பட்டு, இரண்டும் ஒன்றாக ஓடும் என்று உத்தரவாகிறது. அப்படியென்றால் அவன் மொத்தம் அனுபவிப்பது ஈராண்டு மட்டுமே. பை பறிகொடுத்த அம்மாவின் வழக்குக்குத் தண்டனையே இல்லாதது போல் ஆகிவிடுகிறது.

ஒரே சம்பவத் தொடரில் நடந்த குற்றங்களுக்குத் தண்டனைகள் ஒன்றாக ஓடுவது பொது வழக்கம். வீடு புகுந்து திருடி, தடுத்தவரைத் தாக்கியவனுக்கு இரண்டு தண்டனைகளும் சேர்ந்தே ஓடுவதில் நியாயம் உண்டு. வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஆளுக்கு எதிராக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் செய்த குற்றங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்படி உத்தரவிடுவதே பொதுவான நெறி. ஏற்கெனவே சிறையில் இருப்பவருக்குப் புதிய தண்டனை விதிக்கும்போதும், அது உடனே தொடங்குமா, பழையது முடிந்தபின் தொடங்குமா என்று நீதிமன்றம் சொல்லக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஜாமீனில் இருக்கும்போது செய்த குற்றம் என்பது தனியாகவே தண்டனையைக் கூட்டும் காரணம்.

இதற்கு ஒரு தடையும் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் குற்றத்தின் அளவை மீறி நசுக்கிவிடக் கூடாது என்று நீதிமன்றங்கள் மொத்தக் கணக்கையும் பார்க்கும். ஆகவே 'இரண்டும் தொடர்ந்து ஓட வேண்டும்' என்று கேட்கும் கடிதம், கூட்டிய மொத்தம் ஏன் நியாயமான அளவே என்பதையும் ஓரிரு வரியில் சொல்ல வேண்டும். இரண்டு வழக்குகளுக்கும் வெவ்வேறு துணை வழக்கறிஞர்கள் இருந்திருந்தால் இரண்டு வழக்கு எண்களையும் குறிப்பிடுங்கள். ஒருவருக்கு மற்றவரின் கோப்பு தெரியாமல் போவது நடக்கக்கூடியதே.

கடிதத்தை எழுதுவது

மலாய் மொழியில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுங்கள். தமிழில் யோசித்து எழுதி வைத்துக்கொண்டு மலாய் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளையோ வழக்கறிஞரையோ கொண்டு மாற்றுவது நல்லது. மேலே வழக்கு எண், நீதிமன்றம், குற்றச்சாட்டுப் பிரிவு, தண்டனை நாள், விதிக்கப்பட்ட தண்டனை ஆகியவை இருக்க வேண்டும். 14-ஆவது நாள் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். கோப்பைக் கையில் எடுப்பவருக்கு அவசரம் புரியும். பிறகு நீங்கள் யார், பாதிக்கப்பட்டவருக்கு என்ன உறவு என்று ஒரு வரி. அதன் பிறகு, தவறு எங்கே என்பது.

'எங்களுக்கு நீதி கிடைக்கவில்லை' என்று தொடங்கும் கடிதம் பரிதாபத்தை எழுப்பும், மேல்முறையீட்டை எழுப்பாது. 'குற்றவாளி முதல் முறை குற்றம் செய்தவர் என்ற அடிப்படையில் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் அவருக்கு முந்தைய தண்டனை இருப்பதாக விசாரணை அதிகாரி எங்களிடம் கூறினார், அது நீதிமன்றத்தில் வாசிக்கப்படவில்லை' என்று எழுதினால், துணை வழக்கறிஞர் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை உண்மைபோல் எழுதினால் மற்றதும் நம்பிக்கை இழக்கும்.

மருத்துவ அறிக்கை, படங்கள், வேலைக்குப் போகாத நாள்களுக்கான சான்று, செலவு ரசீது ஆகியவற்றின் நகல்களை இணைத்து, அவற்றில் எவை நீதிமன்றத்தில் காட்டப்பட்டன, எவை காட்டப்படவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒரு பிரதியை வழக்கை நடத்திய துணை வழக்கறிஞருக்கும், ஒன்றை மாநில அரசுத் தரப்பு இயக்குநர் அலுவலகத்துக்கும், ஒன்றைப் போலீஸ் விசாரணை அதிகாரிக்கும் கொடுங்கள். கோலாலம்பூர் வழக்கு என்றால் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் அந்தத் துணை வழக்கறிஞரை நேரில் பிடிக்க முயலலாம், ஆனால் வழக்குகள் கூப்பிடப்படும் காலை வேளையில் வேண்டாம். எங்கே கொடுத்தாலும் உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் குத்தி வாங்குங்கள். அஞ்சலில் போட்டுவிட்டுக் காத்திருக்க 14 நாள் போதாது.

முழுத் தீர்ப்புக் காரணம் கையில் இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்பீர்கள். அது இப்போது கிடைக்காது. மேல்முறையீட்டு அறிவிப்பு தாக்கலான பிறகுதான் மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிபதி எழுத்தில் காரணங்களைத் தருவார். அரசுத் தரப்பு முதலில் அறிவிப்பைத் தாக்கல் செய்து காலக்கெடுவைக் காப்பாற்றிக்கொண்டு, காரணங்களைப் படித்தபின் தொடர்வதா, திரும்பப் பெறுவதா என்று முடிவு செய்யலாம். ஆகவே உங்கள் கடிதம் அதைத்தான் கேட்க வேண்டும்: இப்போதைக்கு அறிவிப்பைத் தாக்கல் செய்யுங்கள், காரணங்கள் வந்தபின் பரிசீலியுங்கள். மறுப்பதற்குக் கடினமான வேண்டுகோள் இது.

தண்டனை இன்னும் விதிக்கப்படவில்லை என்றால்

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது வழக்கு இன்னும் முடியாமல் இருந்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவு பயன்படும். தண்டனை விதிப்பதற்கு முன், பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ கேட்டுக்கொண்டால், குற்றத்தின் விளைவைப் பற்றி அவர்கள் சொல்வதை நீதிமன்றம் கேட்க வேண்டும் என்கிறது அது. நேரில் வர முடியாதவரின் எழுத்து வாக்குமூலத்தை நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி ஏற்கலாம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால், துணை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தமிழில்தான் பேச வரும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

அந்த வாக்குமூலத்தில் என்ன சொல்வது? பிறை அம்மா, 'கை இன்னும் வலிக்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை' என்று சொல்வார். உண்மைதான், ஆனால் அதை எல்லாருமே சொல்வார்கள். 'இடியாப்ப உரலை இரண்டு கையாலும் அழுத்த வேண்டும், வலது கையால் இப்போது அழுத்த முடியவில்லை, அதனால் இடியாப்பத்தை நிறுத்திவிட்டேன், காலையில் இடியாப்பம் வாங்க வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், கடை வாடகையை மகன் கட்டுகிறான், விடியுமுன் தனியாக நடக்கப் பயமாக இருப்பதால் மகளே கூட வருகிறாள்' என்று சொன்னால், அது பதிவேட்டில் ஏறும், பின்னால் உயர் நீதிமன்ற நீதிபதியும் அதைப் படிப்பார். குற்றவாளியைத் திட்டுவதும், இத்தனை ஆண்டு கொடுங்கள் என்று கேட்பதும் வேண்டாம்.

அதே நேரத்தில் அதே சட்டத்தின் 426-ஆம் பிரிவின்கீழ் இழப்பீட்டு உத்தரவுக்கு விண்ணப்பிக்கும்படியும் துணை வழக்கறிஞரைக் கேளுங்கள். அரசுத் தரப்பு விண்ணப்பித்தால்தான் அது எழும், காயத்துக்கும் வருமான இழப்புக்கும் பொருள் இழப்புக்கும் பொருந்தும். ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகவும்தான்.

அறிவிப்பு தாக்கலான பிறகு

பதிவேடு தயாராகி வழங்கப்பட்டபின், அரசுத் தரப்பு 14 நாளுக்குள் மேல்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மேல்முறையீடு கைவிடப்பட்டதாகக் கருதப்படும். பதிவேடு தயாராக மாதங்கள் ஆகலாம். இடையில் விசாரணை அதிகாரியோடு தொடர்பில் இருங்கள், குறிப்பாகக் குற்றவாளி வீடு மாறிவிட்டால். அபராதம் கட்டியோ நன்னடத்தை ஜாமீனிலோ வெளியே இருப்பவருக்கு மேல்முறையீட்டு அறிவிப்பு முறையாகப் போய்ச் சேராவிட்டால், அவருக்குப் பாதகமான உத்தரவு எதையும் போடாமல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவைக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்தால் போலீசிடம் சொல்லுங்கள். நீங்களே போய்ப் பார்க்கவோ பேசவோ வேண்டாம்.

விசாரணை நாளில் ஜோர்ஜ்டவுன் லெபு லைட் உயர் நீதிமன்றத்திலோ ஜாலான் டூத்தாவிலோ பொதுமக்கள் இருக்கையில் உட்காரலாம், பேச உரிமை இல்லை. வசதியுள்ளவர்கள் வாட்சிங் பிரீஃப் வழக்கறிஞர் ஒருவரை வைப்பார்கள். அவரும் வாதாட முடியாது, கவனித்துச் சொல்வார், துணை வழக்கறிஞருக்குத் தகவல் கொடுத்து உதவுவார். வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய மறுத்து, தண்டனை சட்டத்துக்கே புறம்பானது என்று உறுதியாகத் தெரிந்தால், சீராய்வு என்ற வழி ஒன்று இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 323-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்ற நீதிபதி கீழ் நீதிமன்றக் கோப்பை வரவழைத்து, தண்டனை சரியா, சட்டப்படியானதா என்று பார்க்கலாம். வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு எழுதி அவர் கவனத்துக்குக் கொண்டுவரலாம். பார்ப்பதும் பார்க்காததும் நீதிபதியின் விருப்பம். குற்றவாளியின் தரப்பைக் கேட்காமல் தண்டனையைக் கூட்டமாட்டார். குறைந்தபட்சத்துக்குக் கீழே போன தண்டனைக்கு இது பொருந்தும். 'போதாது' என்ற மனக்குறைக்கு இதை நம்ப வேண்டாம்.

இந்தக் காலம் முழுவதும் டிக்டாக்கிலும் முகநூலிலும் நீதிபதியைப் பற்றி எழுதாதீர்கள். நீதிபதி காசு வாங்கினார் என்ற ஒரு வரி நீதிமன்ற அவமதிப்பாகிவிடும். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக ஒரு செய்தித் தளத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. உங்கள் பதிவின்கீழ் மற்றவர்கள் எழுதுவதும் உங்களுக்கு வம்பாகலாம். பாலியல் குற்ற வழக்கிலும் சிறார் வழக்கிலும் பெயரும் படமும் வெளியாகக் கூடாது என்பது தனி.

மேல்முறையீட்டில் தண்டனை கூடினாலும் கதை அத்தோடு முடிந்ததாக எண்ண வேண்டாம். குற்றவாளி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். நாடே பேசிய ஒரு வழக்கில், வயது குறைந்த சிறுமியோடு உடலுறவு கொண்ட தேசிய விளையாட்டாளருக்கு மலாக்கா செஷன்ஸ் நீதிமன்றம் நன்னடத்தை ஜாமீன் தந்தது. அரசுத் தரப்பு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை 5 ஆண்டுச் சிறையாக மாற்றியது. 2012 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறையை நீக்கி நன்னடத்தை ஜாமீனையே திரும்பக் கொண்டுவந்தது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலோ செஷன்ஸ் நீதிமன்றத்திலோ தொடங்கிய வழக்கு புத்ராஜெயாவிலுள்ள அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு முடிகிறது. கூட்டரசு நீதிமன்றம் வரை போவது உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்குகளுக்கு மட்டுமே.